லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து முதுகு ஸ்கேனுக்கு: ஆடாமல் கழி பிடித்த நாற்பது நிமிஷம்

எங்கள் குப்பத்தில் யாருக்காவது முதுகு ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்தால், அந்த வீட்டுப் பெண் என்னைத் தேடி வருவாள். எப்படிப் போவது, என்ன எடுத்துக்கொண்டு போவது, உள்ளே எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பாள். இத்தனை நாளும் நானும் எங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் சொல்வோம். வழியை நான் சொல்வேன், மெஷினுக்குள் எப்படி இருக்கும் என்பதை அவர் சொல்வார். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு பேர் பங்கையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பங்கு வரும்போது பாதியில் விட்டுவிடுகிறேன். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். நோட்டில் எழுதியதை மகள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். பிழை இருந்தால் திருத்து, பேச்சை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் போனது 1989-ம் வருஷம் புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் எழுதும் நேரமும் காசும் அந்தக் காலத்துடையவை. இப்போது ஏரி மேல் பாலம் வந்துவிட்டது, படகில் கடக்க வேண்டியதில்லை. தூரம் மட்டும் அதே தூரம்.

அவருக்கு அப்போது முப்பத்து நாலு வயசு. கடலுக்கும் போவார், ஏரிக்கும் போவார். அந்த வருஷம் தை மாதம் கரையில் அவருக்குப் பின்னால் நடந்து வரும்போது மணலைப் பார்த்தேன். இடது கால் தடம் சுத்தமாக விழுந்திருந்தது. வலது கால் தடம் மட்டும் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. அவரிடம் கேட்டதற்கு, கால் மரத்திருக்கும் என்றார். சித்திரையில் மத்தியான மணலில் வெறுங்காலோடு நின்று வலை உதறிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காலை மாற்றி மாற்றித் தூக்கினார்கள், அவர் பாட்டுக்கு நின்றார். சூடு தெரியவில்லை. ஆடி முடிவதற்குள் இரண்டு காலும் போய்விட்டது, தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும்.

பொன்னேரி டாக்டர் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முதுகில் ஊசி போட்டு மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மருந்து ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. அங்கே என்னவோ அடைத்திருக்கிறது, எவ்வளவு பெரியது, எதுவரைக்கும் இருக்கிறது என்று இந்தப் படத்தில் தெரியாது என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். காந்தத்தால் படம் எடுக்கும் மெஷின் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, ஊசி இல்லாமலே முதுகுத் தண்டுக்குள் இருக்கும் நரம்பைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் அதை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஊசி போட்டு எடுத்த படத்தையும் காந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. அதில் சேர்ந்தவர்களுக்குக் காசு கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு மெஷின் கிடைக்கும். கையெழுத்து கேட்டார். நான்தான் போட்டேன்.

ஊரில் ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. படம் எடுத்தால் அடுத்தது ஆபரேஷன் என்பார்கள், முதுகை வெட்டினவன் எழுந்ததில்லை என்றார்கள். என் கொழுந்தன் எத்திராஜ் அதில் ரொம்பப் பிடிவாதம். அண்ணனை நடக்காமல் வைத்துச் சோறு போடுவேன், வெட்டக் கொடுக்க மாட்டேன் என்றான். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

“படம் எடுக்கட்டும். என் கண்ணுக்குத் தெரிஞ்சா வெட்டட்டும். தெரியாத எடத்துல நான் எப்பயும் வலை வுட்டதில்ல.”

ஆகவே, படம் தெளிவாக விழ வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பயணம்.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பழைய வலைத் துண்டை நாலாக மடித்து, அதில் அவரைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் கழி செருகி எத்திராஜும் பக்கத்து வீட்டுக்காரரும் தோளில் தூக்கிப் படகில் விட்டார்கள். பழவேற்காடு துறைக்கு நாற்பது நிமிஷம். எத்திராஜ் கழி ஊன்றினான். அந்த வருஷம் ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடல் தண்ணீர் உள்ளே வர வழியில்லாமல் ஏரி வற்றி நாற்றம் எடுத்திருந்தது. மண்வெட்டியோடு போய் வெட்டிவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு.

பாதி வழியில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மடவை மீன் பிடித்த இடம் வந்தது. கல்யாணமான முதல் வருஷம் எத்திராஜுக்கு மஞ்சள் காமாலை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கூட வர ஆள் இல்லாமல் இரண்டு மாதம் நான் படகு ஏறினேன். பொம்பளை ஏறினால் மீன் படாது என்று பேசினார்கள். வேலை இதுதான். வலையை வளைத்து விட்டுவிட்டு ஒருவர் படகின் பலகையைக் கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தத்துக்கு மடவை மிரண்டு வலைப் பக்கம் ஓடும். தட்டு நின்றதும் சட்டென்று வலையை இழுக்க வேண்டும். இன்னொருவர் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகு அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். படகு ஆடினால் மீன் திரும்பிவிடும். அவர் தட்டுவார், இழுப்பார். நான் கழி பிடிப்பேன். எனக்குக் கை தளர்ந்தால் திட்ட மாட்டார், மெதுவாக “ஆடாதமே, மீன் பாக்குது” என்பார். அன்றைக்கு அந்த இடத்தைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

பழவேற்காட்டில் ஆறரைக்கு பஸ். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கரையோடு நின்றுவிட்டதால், அங்கிருந்து கழியின் மறுமுனையை நான் தூக்கினேன். பொன்னேரிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு இரண்டு ரூபாய், ஒரு மணி நேரம். கண்டக்டர் கடைசி நீள சீட்டைக் காலி செய்து கொடுத்தார். கடைசி சீட்டில் குலுக்கல் அதிகம், முடிந்தால் நடுவில் கேளுங்கள். பொன்னேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷா, மூன்று ரூபாய். எட்டு இருபதுக்கு மின்சார ரயில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. மீஞ்சூர் தாண்டும்போது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம், அவர் அரை இட்லிக்கு மேல் சாப்பிடவில்லை. சென்ட்ரலில் இறங்கும்போது மணி ஒன்பதரை.

ஆட்டோக்காரர் ஒருவர் வலையையும் எங்களையும் பார்த்து மூக்கைச் சுளித்தார். “கருவாட்டு மூட்டையெல்லாம் ஏத்த மாட்டேன்பா,” என்றார்.

வலைக்குள்ளிருந்து எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: “கருவாடு இல்ல நைனா. இன்னும் உசுரோட கீற மீனு. சீக்கிரம் போனா உசுரோடவே எறக்கலாம்.”

அந்த ஆள் சிரித்துவிட்டார். பதினைந்து ரூபாய் பேசி, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பத்தேகாலுக்கு ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இருந்தோம். நூறு தடவை நன்றி சொல்லலாம் அவர் ஓட்டினதுக்கு.

மெஷினில் வேலை பார்க்கும் அம்மா முதலில் கேட்டது இரும்பைப் பற்றி. உடம்புக்குள் ஏதாவது இரும்பு இருக்கிறதா, தூண்டில் முள் ஏதாவது உடைந்து உள்ளே நின்றிருக்கிறதா, கண்ணில் துகள் விழுந்ததா என்று விடாமல் கேட்டார். இல்லை. அரைஞாணை, தாயத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். இரும்புக் கட்டில் ஆகாது என்று மரக்கட்டிலில் மாற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் எத்திராஜும் வெளியே உட்கார்ந்தோம்.

சுவருக்கு இந்தப் பக்கம்கூடக் கேட்டது, டக் டக் டக் டக் என்று. கொஞ்ச நேரம் அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்தார், முகம் சரியில்லை.

“ரொம்ப ஆடுறார்மா. மூணு தடவை எடுத்துட்டோம். எல்லாம் கலங்கிப்போச்சு.”

உள்ளேயிருந்து டாக்டரும் வந்தார். சலித்துக்கொள்ளவில்லை, ஆனால் உள்ளதைச் சொன்னார். இன்னொரு தடவை எடுக்கத்தான் நேரம் இருக்கிறது. அதுவும் கலங்கினால் அடுத்த மாதம். “அவர் கால் அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா,” என்றார்.

பயத்தில் ஆடுகிறாரா, வலியில் ஆடுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குக் குளிரும் இல்லை, போர்வை போட்டிருந்தார்கள். பயப்படுகிற ஆளும் இல்லை. அவரிடம் பேச விடுங்கள் என்று கேட்டேன். வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேர்த்திருந்தது.

“இன்னாயா ஆவுது உள்ள?”

“நான் ஆடலமே. சும்மாதான் படுத்துக்கினு கீறேன்.”

“தோள் ஆடுதாம். கை ஆடுதாம்.”

தன் தோளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளை தப்பு செய்துவிட்டுச் சொல்வது போலச் சொன்னார்: “மடவைக்குத் தட்டறா மாதிரியே கீதுமே அந்தச் சத்தம். தட்டிக்கினே கீது, டபக்குனு நிக்குது. நின்னா கை தானா போவுது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பத்து வயசிலிருந்து தட்டி, தட்டி, நின்றதும் இழுத்த தோள். கால் செத்துக் கிடந்தது, தோள் மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் அடிக்கும்போது தட்டியிருக்கிறார், நிற்கும்போது வலை இழுத்திருக்கிறார். அந்தக் குழாய்க்குள், அவருக்கே தெரியாமல்.

ஆடாமல் இரு என்று சொன்னால் நடக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. தட்டு கேட்டால் அவருக்கு ஒரு வேலை வேண்டும்.

குனிந்து காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். “இன்னிக்கு நான் தட்றேன்யா. நீ கழி புடிக்கிற ஆளு. தட்டு நின்னாலும் நீ இழுக்காத, நான் இழுத்துக்கிறேன். நீ படகைப் புடிச்சிக்கினு இரு.”

என்னைப் பார்த்தார். “நீ வெளிய போயிடுவியே.”

அந்த அம்மாவிடம் கூட இருக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் சரி என்றார். அப்புறம் என் மேல் இருக்கும் இரும்பைத் தேடினார்கள். கொண்டை ஊசி நாலு. மஞ்சள் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு ஐந்து. “கடையே வெச்சிருக்கீங்களேம்மா,” என்றார் அந்த அம்மா. எல்லாவற்றையும் எடுத்ததாக நினைத்துத்தான் உள்ளே போனேன். மெஷினுக்குப் பக்கத்தில் போனதும் கழுத்துக் கயிறு என்னை விட்டு முன்னால் நீண்டது, யாரோ பிடித்து இழுப்பது போல. கயிற்று முடிச்சுக்குள் ஒரு குட்டி ஊக்கு மிச்சம் இருந்திருக்கிறது. அந்த அம்மா என்னைப் பின்னால் இழுத்து, அதையும் கழற்றி வாங்கிக்கொண்டார். உள்ளே போகிற பெண்கள் இதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத காந்தம், எப்போதும் விழித்துக்கொண்டிருக்கிறது.

தலை முன்னால் போகும்படி அவரைக் குழாய்க்குள் தள்ளினார்கள். கால் மட்டும் வெளியே. நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: “இருக்கியா?”

“காலைப் புடிச்சிக்கினுதான் கீறேன்.”

“தெரியலமே.”

கையை முழங்காலுக்குக் கொண்டு போனேன். தெரியவில்லை என்றார். எதுவரைக்கும் தெரியுது, சொல்லு என்றேன். கையை மெல்ல மெல்ல மேலே நகர்த்தினேன். தொடைக்குப் பாதி தாண்டியதும், “ஆங், அங்க” என்றார். நான் குழாய்க்குள் ஒரு கையை முழுக்க நீட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அங்கே கையை வைத்தேன்.

தட்டு ஆரம்பித்தது. உள்ளே கேட்டால் ரொம்பப் பெரிய சத்தம். என் கையின் கீழே அவர் உடம்பு ஒரு தடவை இறுகியது. “ஆடாதயா,” என்றேன், “மீன் பாக்குது.” தளர்ந்தது. சத்தம் நின்றது. அந்த நேரம்தான் எனக்குப் பயம். அவர் அசையவில்லை. நான் அவர் தொடையை லேசாக அழுத்தினேன், நான் இழுத்துவிட்டேன் என்பது போல. மறுபடி தட்டு. மறுபடி நின்றது. நாற்பது நிமிஷம். என் தோள் மரத்து, இடுப்பு ஒடிந்து போனது. அவர் கழி பிடித்தார், ஒரு தடவைகூடப் படகு ஆடவில்லை.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். அவர் படுத்தபடியே பார்க்கட்டும் என்று கட்டிலைத் திருப்பச் சொன்னேன். நானும் பார்த்தேன். முதுகெலும்புக்குள் வெள்ளையாகத் தண்ணீர், கால்வாய் போல. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு, மேலேயிருந்து கீழே வருகிறது. நெஞ்சுக்கு நேரே ஒரு உருண்டை. அது கயிற்றை ஓரத்தில் தள்ளி நூலாக நசுக்கியிருந்தது. அங்கே வெள்ளைத் தண்ணீர் இல்லை.

இந்தக் கட்டிதான் தண்டுவடத்தை அழுத்துகிறது, தண்ணீர் தாண்டிப் போக இடமில்லை என்று டாக்டர் விரலால் காட்டினார்.

எங்கள் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். “முகத்துவாரம் அடச்சிக்கினு கீது,” என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எத்திராஜ்தான் சொன்னான், மணல் மூடினால் ஏரிக்குக் கடல் வராது என்று. சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி, படத்தின் பக்கத்தில் போய் அந்த உருண்டையை அவனே தொட்டுப் பார்த்தான்.

“வெட்டி வுட்ருங்க டாக்டர்,” என்றார் எங்கள் வீட்டுக்காரர். “கண்ணுக்குத் தெரியுது.”

கால் முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், இதற்கு மேல் கெடாமல் நிறுத்தலாம், அதற்கு மேல் வந்தது லாபம் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் அவரிடம் அந்தச் சத்தத்தைப் பற்றியும் கேட்டு, தட்டுவதையும் இழுப்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கலங்கின படத்தையும் தூக்கிப் போடவில்லை. அடுத்த தடவை நாங்கள் போனபோது, உள்ளே விடுவதற்கு முன்னால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் மேஜையில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

எட்டு நாள் கழித்து ஆபரேஷன். அது கெட்ட கட்டி இல்லை. பதினோராம் நாள் ஈரத் துணியால் அவர் பாதத்தைத் துடைத்தேன். “சில்லுனு கீதுமே,” என்றார். நான் துணியை வைத்துவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். பொங்கலுக்குக் கோல் ஊன்றி நடந்தார். வலது கால் தடம் கடைசி வரைக்கும் மணலில் கொஞ்சம் கோடு இழுத்தது, ஆனால் இரண்டு தடம் விழுந்தது. அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஏரிக்குப் போனார். கூட நான் போனேன், அவர் தட்டினார், நான் கழி பிடித்தேன். இந்தத் தடவை ஊரில் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

அவர் போனது முதுகால் இல்லை, நெஞ்சு வலியால். கடைசி நாள் சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. “ஆடாதமே,” என்றார். பாதத்தில் இருக்கும் என் கை நடுங்குவது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது பழவேற்காட்டிலிருந்து மெட்ராஸுக்கே வண்டி கிடைக்கிறது, ஆனாலும் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். தூண்டில் முள் எப்போதாவது உடம்பில் உடைந்திருந்தால், இருபது வருஷம் ஆனாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊக்குகளை வீட்டிலேயே கழற்றி வையுங்கள், கயிற்று முடிச்சுக்குள்ளும் பாருங்கள். சத்தத்துக்கு இப்போது காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். ஆடாதே என்று மட்டும் சொல்லி உள்ளே அனுப்பாதீர்கள், அவர் என்ன தொழில் செய்த உடம்பு என்று யோசித்து அதற்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள்.

கூட நிற்க விட்டால் நில்லுங்கள். காலைப் பிடித்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். எதுவரைக்கும் தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். அதற்கு மேலே கையை வையுங்கள்.